வரியை வாங்கிக்கொண்டு வாடகை வீட்டில் விடுவதா?

தமிழ்நாட்டில் சொந்தமாக ஒரு வீடோ கடையோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கென்று தனியாக வரி கட்டுகிறார்கள். சொத்து வரி 100 ரூபாய் என்றால் அதன்மேல் 10 ரூபாய் நூலக வரி. மாடி வீட்டுக்காரர் கட்டுகிறார், ஓட்டு வீட்டுக்காரர் கட்டுகிறார், வாழ்நாளில் ஒரு புத்தகத்தைப் புரட்டாதவரும் கட்டுகிறார். வாடகைக்குக் குடியிருப்பவர்கள்கூட, வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றிவைப்பதால், அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்படி ஊரே சேர்ந்து கட்டும் வரியில் நடக்கும் கிளை நூலகங்களில் பல, இன்றுவரை தலைக்கு மேல் சொந்தக் கூரை இல்லாமல், தெருத்தெருவாக வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கின்றன. இது பணமில்லாததால் வந்த நிலை அல்ல. மக்களிடம் வாங்கியதை உரிய இடத்தில் சேர்க்காததால் வந்த நிலை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நகராட்சி ஒன்றிலுள்ள கிளை நூலகத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். ஊரின் பெயரை வெளியிடவில்லை. வெளியிட்டால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியவர் அந்த நூலகராகத்தான் இருப்பார். தவறு செய்தவர்கள் அல்ல. கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது நூலகம். படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, "மேடம், நான் கேட்ட புத்தகம் வந்துடுச்சா?" என்று குரல் கொடுக்கிறார். மேலேயிருந்து பதில் வருகிறது. புத்தகம் இருந்தால் யாராவது ஒரு பையன் இறங்கிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறான். மூட்டுவலி வந்த பிறகு அவர் அந்தப் படியில் ஏறியதே இல்லையாம். நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் இப்போது நூலகத்தின் வாசலோடு திரும்பிவிடுகிறார்.

உள்ளே ஒரு கூடம், ஓர் அறை, அவ்வளவுதான். இரும்பு ரேக்குகள் கூரையைத் தொடுகின்றன. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வரிசையாகப் புத்தகங்கள். முன்வரிசையை எடுத்தால்தான் பின்வரிசை இருப்பதே தெரியும். நாவல் ரேக்கின் மேல் மழைக்காகப் போட்ட பிளாஸ்டிக் தாள் கோடையிலும் எடுக்கப்படாமல் கிடக்கிறது. செய்தித்தாள் மேசைக்கு அடியில், கயிறு பிரிக்காத கட்டுகள். பொது நூலக இயக்ககத்திலிருந்து வந்த புதிய புத்தகங்கள் அவை. வாங்குவதற்கு அரசு பணம் கொடுத்தாயிற்று, புத்தகமும் வந்து சேர்ந்தாயிற்று. அடுக்கி வைக்க ஓர் அடி இடம் இல்லை. இருப்புப் பதிவேட்டில் அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. எழுதியவர் தம் நூல் நூலகங்களுக்குப் போயிருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்பார். கால்படும் இடத்தில் கட்டோடு கிடப்பது அவருக்குத் தெரியாது.

மொட்டை மாடிக்குப் போகும் படிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து படிக்கிறார்கள். குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள். வீட்டில் இடமில்லை, பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லை என்பதால் இங்கே வருகிறவர்கள். கையில் சொந்தப் புத்தகம், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். அந்தத் தண்ணீரையும் அளந்துதான் குடிக்கிறார்கள், ஏனென்றால் நூலகத்தில் கழிப்பறை இல்லை. மதியம் ஆனதும் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுக்குப் போனால் வேலை காத்திருக்கும், திரும்பி வருவது நடக்காது. நூலகம் மாலைவரை திறந்திருக்கிறது. அவர்களுக்கு மட்டும் அது அரைநாள் நூலகம்.

அந்த இடமும் இப்போது நிலையில்லை. கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைத்தெருவில் அந்த மாடிக்கு ஒரு செல்போன் கடைக்காரர் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கைத்தான் நூலகம் கொடுக்கிறது. வாடகையை உயர்த்த வேண்டுமென்றால் பொதுப்பணித் துறை நியாய வாடகை நிர்ணயித்துச் சான்று தர வேண்டும். அந்தக் கோப்பு மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், அங்கிருந்து மேலே போய், கேள்விக்குறியோடு திரும்பி வருவதற்குள் உரிமையாளருக்குப் பொறுமை போய்விடுகிறது. பிறகு நூலகர் வேலை நேரம் முடிந்ததும் புரோக்கர்களைப் பார்க்கிறார், வாசகர் வட்டத்தார் தெரிந்தவர்களிடம் சொல்லிவைக்கிறார்கள். புத்தகம் என்றால் பாரம் தாங்குமா, தினமும் ஆட்கள் வந்துபோவார்களே, அரசாங்கத்துக்குக் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமா என்று கட்டட உரிமையாளர்களிடமிருந்து மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் ஒரு நூலகம் எவ்வளவு இழக்கிறது என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. புதிய இடம் சிறியது என்றால் முதலில் கழிவுக்குப் போவது பழைய இதழ்களின் பைண்டு தொகுப்புகள். அடுத்து அதிகம் எடுக்கப்படாத நூல்கள். அதாவது வேறெங்கும் கிடைக்காத நூல்கள். வகைப்படுத்தி அடுக்கியது குலைந்து, மறுபடி ஒழுங்காவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் பள்ளி முடிந்து வழியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வருவதை நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் வரும் வழியில் இப்போது நூலகம் இல்லை.

இதையெல்லாம் அன்றே எண்ணிப் பார்த்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்பதுதான் நம் கோபத்தைக் கூட்டுகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை 1924-இல் ஏற்று, 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்துக் கொடுத்தார். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த விதிகளில் கடைசி விதி, நூலகம் உயிருள்ளதுபோல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பதைப் பற்றியது. புத்தகம் கூடும், வாசகர் கூடுவர், பணியாளர் கூட வேண்டும், அதற்கேற்ப இடமும் விரிய வேண்டும். விரிவதற்கு இடம் விடாமல் நூலகம் அமைப்பது அதை வளரவிடாமல் தடுப்பதே என்று அவர் தம் எழுத்திலும் பேச்சிலும் வாதாடினார். அவருடைய விடாமுயற்சியும் அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கத்தின் ஆதரவும் சேர்ந்துதான் 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் இயற்றிய முதல் மாகாணம் நம்முடையது. நூலகம் எந்த அமைச்சரின் தயவையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காகவே, அதற்கென்று தனி வரியும் அதைப் பெற்றுச் செலவழிக்கத் தனி நூலக ஆணைக்குழுவும் அந்தச் சட்டத்தில் வைக்கப்பட்டன. பின்னர் காமராஜர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு பொது நூலகத் துறையையும் கவனித்தபோது கிளை நூலகங்கள் சிறிய ஊர்களுக்கெல்லாம் போயின. அன்று கிடைத்த இடத்தில் தொடங்கினார்கள், தொடங்கியாக வேண்டும் என்பதற்காக. அன்று தற்காலிகமாக எடுத்த வாடகை இடம் தலைமுறைகள் கடந்தும் தற்காலிகமாகவே இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். நூலக வரியை மக்களிடம் வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சிகள். சட்டப்படி அவை வசூலிக்கும் கை மட்டுமே. பணம் நூலக ஆணைக்குழுவுக்கு உரியது. ஆனால் வசூலித்த வரியை முழுமையாக ஒப்படைக்காமல் ஆண்டுக்கணக்கில் பாக்கி வைப்பது பல உள்ளாட்சிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. மாநிலத்தின் மிகப் பெரிய மாநகராட்சியே இந்தப் பாக்கிக்காகப் பலமுறை செய்தியில் அடிபட்டிருக்கிறது. கேட்டால் பணியாளர் சம்பளம், மின்கட்டணம், குடிநீர்ப் பராமரிப்பு என்று காரணங்கள் வருகின்றன. அவை நியாயமான செலவுகள்தாம். அவற்றை உங்கள் பணத்தில் செய்யுங்கள். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த வருங்கால வைப்பு நிதியைக் கட்டாமல் தன் தொழிலில் போட்டுக்கொள்ளும் முதலாளியைச் சட்டம் குற்றவாளி என்கிறது. நூலகத்துக்கென்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தை வேறு செலவில் கரைக்கும் உள்ளாட்சியை என்னவென்று சொல்வது?

2022-இல் நகர்ப்புறங்களில் சொத்து வரி 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. சொத்து வரி ஏறினால் அதன்மேல் போடப்படும் நூலக வரியும் அதே அளவுக்குத் தானாக ஏறும். ஆகவே மக்கள் அன்றிலிருந்து நூலகத்துக்குக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். கூடுதலாகக் கட்டியதற்கு அவர்களுடைய கிளை நூலகத்தில் என்ன கூடியது? ஒரு நாற்காலியா, ஒரு மின்விசிறியா, ஒரு கழிப்பறையா? தாம் கட்டிய வரி என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும் என்ற நிலையே வெட்கக்கேடு.

இந்தக் கேள்வியைக் கேட்டால் சென்னையையும் மதுரையையும் காட்டுகிறார்கள். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடியில் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் தமிழ்நாட்டுக்குப் பெருமை. அதில் இரண்டாவது கருத்து நமக்கில்லை. 2011-இல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அங்கிருந்து மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அன்றைய அரசு அறிவித்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் வீதிக்கு வந்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ஒரு நூலகத்தை இடம் மாற்றுவதே அதைச் சிதைப்பது என்பதை அன்று தமிழ்நாடு உரக்கச் சொன்னது. சென்னையின் ஒரு பெரிய நூலகத்துக்காகச் சொன்ன அதே நியாயம், சிறிய ஊர்களில் மூட்டை கட்டி ஏற்றி இறக்கப்படும் கிளை நூலகங்களுக்கு இல்லாமல் போகுமா? பரமக்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை பள்ளி விட்டு நடந்து போகக்கூடிய நூலகம் எதுவோ அதுதான் அந்தப் பிள்ளையின் நூலகம். பேருந்தேறிப் பல மணி நேரம் போய்ப் பார்க்கும் மாளிகை அதற்கு ஈடாகாது.

நகராட்சி நிர்வாகத் துறை கடந்த சில ஆண்டுகளாகப் பல ஊர்களில் நூலகம் மற்றும் அறிவுசார் மையம் என்ற பெயரில் புதிய கட்டடங்கள் கட்டியிருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அவை பெரும் உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் நகராட்சி தன் நிலத்தில் தன் பொறுப்பில் புதிதாக ஒரு மையம் கட்டும்போது, அதே ஊரில் பொது நூலகத் துறையின் கிளை நூலகம் மாடியில் வாடகைக்குக் கிடப்பது யார் கண்ணிலும் படாதா? ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே வரி. இரண்டு துறைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால், மேலே ஒரு தளம் சேர்த்துக் கட்டி, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த புத்தகங்களோடு கிளை நூலகத்தை அங்கே நிரந்தரமாகக் குடியேற்றியிருக்கலாம். நிலம் தேட வேண்டாம், வாடகை வேண்டாம். புதிய கட்டடத்துக்கு ஆயிரக்கணக்கில் நூல் இருப்பும் கிடைத்திருக்கும், பயிற்சி பெற்ற நூலகரும் கிடைத்திருப்பார். பேசாமல் விட்டது அலட்சியம் மட்டுமே. வேறு காரணம் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

கிராமப்புறத்தில் இதே அலட்சியம் தலைகீழாக நடந்திருக்கிறது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றில் எத்தனையோ பின்னர் பூட்டிய கதவும் கரையான் ஏறிய புத்தகமுமாகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் அறிவார்கள். கட்டியது ஊரக வளர்ச்சித் துறை, நூலகம் நடத்தத் தெரிந்தது பொது நூலகத் துறை. அங்கே கட்டடம் இருந்தது, நடத்த ஆளில்லை. இங்கே நடத்த ஆளிருக்கிறார், கட்டடம் இல்லை.

நம்மைவிட மிகக் குறைந்த வசதியில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுப்பிக் காட்டியவர்கள் நம் மொழிக்காரர்களே. யாழ்ப்பாணத்தில் கே.எம். செல்லப்பா என்ற ஒருவர் 1933-இல் தம் வீட்டில் நூல்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை பிடித்தார்கள். அப்போது கையிலிருந்தவை 844 நூல்கள். இடம் போதாமல் வேறிடம் மாறினார்கள். பிறகு நகரின் பொறுப்பில் நூலகம் வந்தபோது, நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்று முடிவெடுத்துக் களியாட்டு விழா நடத்தியும் அதிர்ஷ்டச் சீட்டு விற்றும் பணம் திரட்டினார்கள். சென்னையிலிருந்து ரங்கநாதனை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனிடம் வரைபடம் வாங்கினார்கள். அடிக்கல் நாட்டிக் கட்டி, 1959-இல் திறந்தார்கள். அந்தக் கட்டடத்தையும் அதிலிருந்த சுமார் 97,000 நூல்களையும் 1981-இல் எரித்தவர்களை வரலாறு மன்னிக்கவில்லை. வாடகை அறையிலிருந்து சொந்தக் கட்டடத்துக்குப் போக அந்த ஊருக்கு 25 ஆண்டுகள் பிடித்தன. அவர்களுக்கு நூலக வரிச் சட்டம் எதுவும் இல்லை. ரங்கநாதன் பிறந்த நாட்டில், அவரே எழுதிக் கொடுத்த சட்டத்தை வைத்துக்கொண்டு, 75 ஆண்டுகளாக வரியும் வசூலித்துக்கொண்டு, இன்னும் நாம் புரோக்கரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கேட்பதை நேராகக் கேட்கிறோம்.

ஒவ்வொரு உள்ளாட்சியும் நூலக வரியாக வசூலித்தது எவ்வளவு, ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதை ஆண்டுவாரியாகத் தன் அலுவலக வாசலிலும் கிளை நூலகத்தின் வாசலிலும் எழுதிவைக்க வேண்டும். பாக்கியை எத்தனை தவணையில் கட்டப்போகிறது என்பதற்கு மன்றத்தில் தீர்மானம் வேண்டும். தவணை தவறினால், அரசு அந்த உள்ளாட்சிக்குக் கொடுக்கும் மானியத்தில் பிடித்து நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அரசுக்கு அதைச் செய்ய மனம் மட்டும்தான் வேண்டும்.

இடத்துக்கு வழி இல்லை என்ற பேச்சை இனி யாரும் பேச வேண்டாம். புதிய அலுவலகம் கட்டிக்கொண்டு போன நகராட்சிகளின் பழைய அலுவலகங்கள் என்ன ஆயின? ஏலம் போகாமல் வணிக வளாகங்களில் இழுத்து மூடிக் கிடக்கும் கடைகள் எத்தனை? மனைப் பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கென்று உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டு முள் மண்டிக் கிடக்கும் இடங்கள் எத்தனை? மாவட்ட ஆட்சியர் ஒரு மாதம் முனைந்தால், வாடகையில் இருக்கும் ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் எதிரே ஓர் அரசு இடத்தின் சர்வே எண்ணை எழுதிவிடலாம். ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. நிழற்குடையில் பெயர் எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஒரு நூலகக் கட்டடத்தில் எழுதிக்கொள்ளட்டும், நாம் வரவேற்போம்.

கட்டும்போது ஒழுங்காகக் கட்ட வேண்டும். தரைத்தளம், சாய்தளம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குழந்தைகளுக்குத் தனி இடம், பின்னால் விரித்துக்கொள்ளக் காலி நிலம். இவை சலுகைகள் அல்ல. பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் தடையின்றி அணுகும்படி வைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆணையிடுகிறது. செங்குத்துப் படிக்கு மேல் நூலகம் நடத்தும் ஒவ்வொரு நாளும் அரசே அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறது. சொந்த இடம் கிடைக்கும்வரை, வாடகை உயர்வுக் கோப்புகளை 30 நாட்களுக்குள் முடிக்கும் அதிகாரத்தை மாவட்ட நூலக அலுவலரிடமே கொடுத்துவிடுங்கள். நூலகரைப் புரோக்கர் வாசலில் நிற்கவைக்காதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகி, வாசகர் வட்டத்தில் சேர்ந்து, மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்து இந்த நூலகங்களைக் காப்பாற்றி வருகிறவர்கள் நீங்கள். அந்த நல்ல மனத்தைச் சாக்காக வைத்துத்தான் அதிகாரிகள் தங்கள் கடமையைத் தட்டிக்கழிக்கிறார்கள். கொடுப்பதைக் கொடுங்கள், ஆனால் கேட்பதையும் கேளுங்கள். உங்கள் ஊரின் அடுத்த கிராம சபைக்கும், வார்டின் பகுதி சபைக்கும் சொத்து வரி ரசீதோடு போங்கள். வரவு செலவு படிக்கும்போது நூலக வரியைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். வசூல் எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு, நூலகத்துக்கு எந்த இடம் என்ற மூன்றுக்கும் பதில் பதிவேட்டில் ஏறும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.